கிட்டூரில் ஒரு தொலைபேசி இணைப்பகம்

கர்நாடக மாநிலத்திலுள்ள கிட்டூர், 1824ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பெனியாரை எதிர்த்த அரசி சென்னம்மாவாற் பெயர்பெற்ற ஊர். அவ்வூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. இந்திய அரசின் சி-டொட் ஆராய்ச்சி நிலையம் ஆக்கிய கிராமியத் தானியங்கித் தொலைபேசி இணைப்பகம் 1986ஆம் ஆண்டில் முதன்முதல் அங்கேதான் நிறுவப்பட்டது.

1984இல் தோன்றிய அந்நிலையத்தாரை எதிர்நோக்கிய இடர் யாது? மேல்நாட்டு இணைப்பகங்கள் பெருநகரங்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. குளிரூட்டிய அறையும் தடைப்படாத மின்சாரமும் அவற்றுக்கு வேண்டும். இந்தியக் கிராமங்களிலோ மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று எவராலும் சொல்ல இயலாது. கோடை வெப்பமும் புழுதியும் வேறு. ஆகவே 128 வாயில்களே கொண்ட, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறிய இணைப்பகமொன்றை அவர்கள் வகுத்தனர். மின்செலவு குறைந்தால் கருவியினுள் எழும் வெப்பமும் குறையும், அவ்வெப்பத்தை அறைக்காற்றே அகற்றிவிடும், குளிரூட்டி தேவையில்லை. சுற்றாடலைப் பேணுதல் அவர்களுடைய நோக்கமன்று. இல்லாமையே அச்சிக்கனத்தை அவர்களுக்குக் கற்பித்தது.

1995இல் இந்தியாவிற்குக் கையடக்கத் தொலைபேசி வந்தது. பின்னர் கோபுரங்கள் இலட்சக்கணக்கில் எழுந்தன. பல கோபுரங்களின் அடியிற் குளிரூட்டிய அறை. அதனருகே டீசல் மின்பிறப்பாக்கி. கிட்டூர் கற்ற பாடம் மறந்தே போயிற்று எனலாம். புகை மிகுந்தபின் அரசு விழித்துக்கொண்டது. கிராமக் கோபுரங்களுள் நூற்றுக்கு 50உம் நகரக் கோபுரங்களுள் நூற்றுக்கு 20உம் 2015ஆம் ஆண்டளவிற் சூரிய சக்தி போன்றவற்றையும் சேர்த்து இயங்கவேண்டும் என்று 2012 ஜனவரியிற் பணிக்கப்பட்டது. 2020இற்கு முறையே 75, 33 என இலக்குகள் உயர்த்தப்பட்டன. 2015ஆம் ஆண்டின் இலக்கு எட்டப்படவில்லை. முதலீடு பெரிது; கம்பெனிகள் தயங்கின.

ஆயின், அதே கம்பெனிகள் எவரும் பணிக்காமலே ஒரு நற்செயலைச் செய்திருந்தன. 2007இல் போட்டியாளர் மூவர் கூடி, இண்டஸ் டவர்ஸ் என்னும் பொது நிறுவனத்தை அமைத்தனர். மூவருக்கு மூன்று கோபுரமும் மூன்று மின்பிறப்பாக்கியும் வேண்டிய இடத்தில் ஒன்று போதுமாயிற்று. செலவைக் குறைக்கவே இவ்வாறு செய்தனர். எனினும் எரியாது மிஞ்சிய டீசல் மிஞ்சியதே. எந்த எரிபொருளை எரிப்பது என்று அரசின் பணிப்பு ஆராய்ந்தது. எவ்வளவு குறைவாக எரித்தாற் போதும் என்பதன்றோ முதலிற் கேட்கத்தக்க வினா?

பிற்காலத்திற் பல கோபுரங்களின் அடியில் அக்குளிரூட்டிய அறை இல்லை. வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கவல்ல கருவிகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.