டெக்கா 9-29124

ஏழு அங்குலக் கறுப்புத் தட்டு. நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு ஓட்டை. கறுப்பு லேபிளில் வெள்ளி எழுத்தில் டெக்கா நிறுவனத்தின் பெயர். கூடவே 9-29124 என்று ஓர் எண். அமெரிக்காவில் பழைய சாமான் கடைகளில் அட்டைப்பெட்டிக்குள் சாய்ந்து கிடக்கும் 45 சுழற்சித் தட்டுகளைப் புரட்டிக்கொண்டே போனால் இது என்றைக்காவது கையில் சிக்கும். லட்சக்கணக்கில் அச்சான தட்டு. பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும் தந்த 'ராக் அரவுண்ட் த கிளாக்'. வாங்கிப் போகிறவர் பெரும்பாலும் அலமாரியில் அடுக்குவதற்கு வாங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு வீட்டின் பின்னறையில் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது.

பாட்டு பதிவானது 1954 ஏப்ரல் 12 அன்று, நியூயார்க்கில். பிதியன் டெம்பிள் என்ற கட்டடத்தை டெக்கா தன் ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்தது. தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர். அன்றைக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதியை 'தர்ட்டீன் விமன்' என்ற வேறொரு பாட்டு தின்றுவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் அவசரமாக எடுத்ததுதான் இது. நடுவில் பாய்ந்து வரும் கிட்டார் துண்டை வாசித்தவர் டேனி செட்ரோன். குழுவில் நிரந்தர ஆள் அல்ல, கூலிக்கு வந்தவர். புதிதாக ஒன்றை யோசிக்கவும் நேரமில்லை. 1952-இல் ஹேலியின் வேறொரு பாட்டுக்கு வாசித்ததையே அப்படியே வாசித்தார். கூலி 21 டாலர். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 17 அன்று, படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். பாட்டு பேர் எடுத்ததை அவர் பார்க்கவில்லை.

தட்டு வெளிவந்தபோது முன்பக்கம் 'தர்ட்டீன் விமன்', இது பின்பக்கம். ஒரே வாரம் பட்டியலில் எட்டிப்பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. மறுவருடம் 'பிளாக்போர்ட் ஜங்கிள்' படத்தின் தலைப்புக் காட்சியில் ஒலித்தபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. படத்தின் நாயகன் கிளென் ஃபோர்டின் மகன் பீட்டர், அப்போது சின்னப் பையன். தன்னிடம் இருந்த தட்டைத்தான் இயக்குநர் வாங்கிப்போனார் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 9 அன்று பில்போர்டு பட்டியலில் முதலிடம். எட்டு வாரம் அங்கேயே இருந்தது.

அந்தக் கோடையில் அச்சான தட்டுகள் மூன்று வழியாகப் பிரிந்தன. வீட்டுக்குப் போனவை, ஜூக்பாக்ஸுக்குப் போனவை, வானொலிக்குப் போனவை. 45 சுழற்சித் தட்டை ஆர்.சி.ஏ. அறிமுகப்படுத்தியது 1949-இல்தான். மறுவருடமே சீபர்க் நிறுவனம் அதற்கென்று ஒரு ஜூக்பாக்ஸ் கொண்டுவந்தது. 50 தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 100 பாட்டு, காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய பாட்டு. ஓட்டலில் இரவுபகலாகச் சுழன்ற தட்டை இன்றைக்கும் அடையாளம் கண்டுகொள்ளலாம்: பள்ளங்கள் கறுப்புப் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்திருக்கும். வானொலியில் உழைத்த தட்டின் காயம் வேறு மாதிரி. அறிவிப்பாளர் பாட்டின் முதல் ஒலியில் ஊசியை வைத்து, தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, பேச்சு முடிந்த நொடியில் பாட்டு பிடிக்கும்படி நிறுத்தி வைப்பார். நூறு தடவை இப்படிச் செய்தால் தொடக்கம் மட்டும் தேய்ந்து, பாட்டுக்கு முன்னால் ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்கும். இந்தப் பாட்டில் டிரம் இரண்டு தட்டு தட்டியதும் குரல் வந்துவிடும். அந்த இரைச்சலை ஒளித்து வைக்க இடமே இல்லை.

வானொலிக்குப் போன தட்டுகளுக்குத்தான் உண்மையான ராஜயோகம். நியூயார்க்கின் 1010 வின்ஸ் நிலையத்தில் 1954 செப்டம்பரிலிருந்து அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் உட்கார்ந்திருந்தார். 50,000 வாட் மத்திய அலை. ராத்திரியானால் வானத்தில் பட்டுத் தெறித்துப் பல மாநிலங்கள் தாண்டிக் கேட்கும். ஒன்றரை அவுன்ஸ் பிளாஸ்டிக்கின் மேல் ஓடும் ஊசிமுனை அசைய, அந்த அசைவு எங்கோ கார் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆளின் காதுக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது.

நீடிக்கவில்லை. 1965 ஏப்ரலில் வின்ஸ் பாட்டைக் கைவிட்டுச் செய்தி நிலையமாக மாறியது. அதே ஊரின் இன்னொரு 50,000 வாட் நிலையமான டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10 அன்று பேச்சு நிலையமானது. இதற்கிடையே 1972-இல் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 'ஓல்டீஸ்' என்று பெயர் சூட்டி பழைய பாட்டையே தொழிலாக்கியது. 'ஹாப்பி டேஸ்' தொலைக்காட்சித் தொடரின் தயவில் 1974-இல் ஹேலியின் தட்டு மறுபடியும் முதல் நாற்பதுக்குள் வந்தது. பிழைத்துக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பழசு என்ற சொல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. விளம்பரதாரர்கள் தேடுவது 25 முதல் 54 வயதுக்காரர்களை. வருடம் போகப் போக, அந்த வயதுக்காரரின் பள்ளிக்கூடப் பாட்டு எழுபதுகளுக்கு நகர்ந்தது, எண்பதுகளுக்கு நகர்ந்தது. கேட்கிறவர்கள் கோடிக்கணக்கில் உயிரோடு இருந்தாலும், அவர்களுக்கு விற்க யாருக்கும் ஆர்வமில்லை என்றால் பாட்டு போய்விடும். 2005 ஜூன் 3 அன்று டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். ஒரே மாலையில் பழைய பாட்டை நிறுத்தியது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது; ஐம்பதுகளின் பாட்டுகள் முன்போல் திரும்பி வரவில்லை. பாட்டைக் கொன்றது காலம் என்று சொல்வது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை, கொன்றது கணக்குப்பிள்ளை.

இங்கேதான் அட்டைப்பெட்டியைப் புரட்டும் ஆள் வருகிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். இளமையில் ஏதாவது நிலையத்தில் வேலை பார்த்தவராகவோ, வேலை கிடைக்காமல் போனவராகவோ இருப்பார். தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, லேபிள் நனையாமல் கழுவுகிறார். பிறகு ஊசி. இன்றைய ஸ்டீரியோ ஊசியின் முனை ஆரம் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 0.7 பங்கு, 1954-இன் மோனோ தட்டு எதிர்பார்ப்பது ஆயிரத்துக்கு ஒரு பங்கு. விவரம் தெரிந்தவர் இரண்டையும் வைத்திருப்பார். ஜூக்பாக்ஸ் ஊசி தேய்த்துவிட்ட இடத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ வேறு பருமனுள்ள முனை உட்காரும். அங்கே பள்ளத்தின் சுவர் இன்னும் புதிதாக இருக்கும். சாம்பல் பூத்த தட்டிலிருந்து செட்ரோனின் கிட்டார் பளிச்சென்று எழுந்து வருவதைக் கேட்டால் நம்ப முடியாது.

கணினியில் ஏற்றியதும் சொடுக்குச் சத்தங்களை நீக்குகிறார்கள். இதில் பேராசை ஆகாது. அளவு மீறினால் டிரம் குச்சியின் நறுக்கும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் பொரியட்டும் என்று விடுகிறவர்களுக்கே என் ஓட்டு. அதன்பின் 'ரேடியோ டி.ஜே.', 'சாரா ரேடியோ' போன்ற இலவச மென்பொருள் ஒன்று பாட்டையும், நிலையத்தின் பெயரைப் பாடும் சின்ன ஜிங்கிளையும், நேர அறிவிப்பையும் கோத்து, வீட்டுக்காரர் தூங்கும்போதும் நிலையத்தை ஓட்டுகிறது. ஒலி மட்டத்தை ஏற்றி இறக்கிச் சமன்செய்யும் கருவி ஒன்று, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டும் வடிகட்டி ஒன்று. இந்தப் பாட்டுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மோனோவில் பதிவானது, மோனோவில் போகிறது.

அடுத்தது டிரான்ஸ்மிட்டர். உரிமமில்லாமல் ஒலிபரப்ப அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் 15-ஆம் பகுதி ஒரு சந்து விட்டிருக்கிறது. மத்திய அலையில் 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ் வரை. கடைசிக் கட்டத்துக்குள் போகும் மின்திறன் 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஏரியல், அதற்குப் போகும் கம்பி, பூமிக்குப் போகும் எர்த் கம்பி எல்லாம் சேர்த்து 3 மீட்டர். எஃப்.எம்.மில் இதைவிடக் கஞ்சத்தனம்: சுமார் 200 அடிக்குள் அடங்கிவிடும். 2000-இல் வந்த 100 வாட் குறைதிறன் எஃப்.எம். உரிமம் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான், தனி ஆளுக்குக் கிடையாது. எனவே பொழுதுபோக்குக்காரர்கள் மத்திய அலைக்கே வருகிறார்கள். அவர்கள் வாங்கும் பெட்டிகளில் 'டாக்கிங் ஹவுஸ்' என்று ஒன்று உண்டு. வீடு விற்கும் தரகர்களுக்காகச் செய்தது அது. வாசலில் கார் நிறுத்தியவர் ரேடியோவைத் திருப்பினால் வீடே தன் படுக்கையறைகளை எண்ணிச் சொல்லும். அந்தப் பெட்டி இப்போது பில் ஹேலியைப் பாடுகிறது.

50,000 வாட்டுக்கும் 0.1 வாட்டுக்கும் ஐந்து லட்சம் மடங்கு வித்தியாசம். உள்ளபடி அதைவிட மோசம். 1650 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறக்குறைய 182 மீட்டர். முறையான ஏரியல் என்றால் அதில் கால்பங்கு, 45 மீட்டர் உயரம் வேண்டும். 3 மீட்டர் கம்பியை ஒரு சுருளைக் கட்டி ஏமாற்றித்தான் இசைய வைக்கிறார்கள். உள்ளே போகும் திறனில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வெளியே அலையாகப் போவதில்லை. மீதி சுருளிலும் மண்ணிலும் சூடாகிக் கரைகிறது. ஆக காற்றில் ஏறுவது ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே. அதனால்தான் இவர்கள் கூடினால் பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட மண்ணைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்: எர்த் கம்பி எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எங்கே ஊன்றுவது. நல்ல இடம் அமைந்தால் பகலில் கார் ரேடியோவில் சில தெருக்கள், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு மைல். இருட்டினால் தொலைதூரப் பெரிய நிலையங்கள் வானம் வழியாக வந்து நசுக்கிவிடும். ஒரு காலத்தில் இந்தப் பாட்டைத் தூக்கிச் சென்ற அதே வானம்.

வீட்டு நிலையக்காரருக்கு வருமானம் இல்லை. கலைஞர்களுக்கும் இல்லை: அமெரிக்காவில் மத்திய அலை, எஃப்.எம். ஒலிபரப்புக்காகப் பாடியவருக்கோ வாசித்தவருக்கோ பணம் போவதில்லை. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் போகும். செட்ரோன் உயிரோடு இருந்திருந்தாலும் அந்த 21 டாலரோடு சரி. வருமானமில்லாததில் ஒரு லாபமும் உண்டு. பெரிய ஓல்டீஸ் நிலையம் சோதித்துத் தேறிய சில நூறு பாட்டுகளையே கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சுற்றவிடும். வீட்டு நிலையக்காரர் தட்டைத் திருப்பி 'தர்ட்டீன் விமன்' போடலாம். கேட்கப்போவது பத்துப் பேர். பிடிக்கவில்லை என்றால் வேலிக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

கேட்பதற்குப் பெட்டி இருக்க வேண்டுமே, அதுதான் இப்போதைய கவலை. 2023-இல் ஃபோர்டு தன் புதிய கார்களிலிருந்து மத்திய அலை ரேடியோவை எடுத்துவிடப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. எல்லாக் கார்களிலும் அது இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதாவும் போயிற்று. சில நிலையக்காரர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. பழைய சமையலறை ரேடியோக்களை வாங்கி, தங்கள் அலைவரிசையில் முள்ளை நிறுத்தி, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தட்டு கிடைக்கும் கடையிலேயே, இரண்டு அலமாரி தள்ளி, அதுவும் கிடைக்கிறது.