நிறம் என்னும் அளவுகோல்

இறைவன் மனிதரைத் தம் சாயலாகப் படைத்தார் என்பது மறைக்கல்வியில் நாம் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. ஆயினும் கண்ணாடியின் முன் நிற்கும் நம் மகள் அந்தச் சாயலையா தேடுகிறாள்? திரையில் கண்ட முகத்தையா? விடை காண, ஏறத்தாழ அரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்ப்போம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சை அறிமுகம் செய்தது. 1976-இல் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் இடம்பெறலாயின. 1982-இல் திரை வண்ணம் பெற்றது. 1990-களில் தனியார் அலைவரிசைகள் இல்லந்தோறும் நுழைந்தன.

கருநிறத்தை இழிவாக எண்ணும் வழக்கம் விளம்பரங்களுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. சாதி ஏற்றத்தாழ்வும் அயலார் ஆட்சியும் அதை வளர்த்திருந்தன. 'மணமகள் தேவை' அறிவிப்புகளில் நிறமும் ஒரு தகுதியாகவே எழுதப்பட்டது. விளம்பரமோ இம்முணுமுணுப்பை நாள்தோறும் ஓதும் பாடமாக்கிற்று. கதை எப்போதும் ஒன்றே: கரிய பெண் ஒதுக்கப்படுகிறாள், பூச்சைப் பூசுகிறாள், சில வாரங்களில் வெளுக்கிறாள், வேலையும் வரனும் தேடி வருகின்றன. அவளது கல்வியும் உழைப்பும் அக்கதையில் தோற்றுப்போயின. இப்பாடத்தைப் பன்முறை கேட்ட சிறுமி, தன்னிடம் ஏதோ குறை உண்டென்று நம்பத் தொடங்கினாள். 2005-இல் ஆண்களுக்கெனவே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. அந்தக் குறையுணர்வு இளைஞரையும் பற்றியது.

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் போராட்டத்தை அடுத்து, 2003-இல் இத்தகைய விளம்பரங்கள் சில திரும்பப் பெறப்பட்டன. 2009-இல் சென்னையில் 'கருமையும் அழகே' என்னும் கருத்தை முன்வைத்து ஓர் இயக்கம் தோன்றியது. நிறத்தை வைத்து எவரையும் தாழ்த்திக் காட்டலாகாது என 2014-இல் விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்தது. 2020-இல் அந்தப் பூச்சின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்னும் சொல் நீங்கியது.

திருச்சபையும் இதில் வாளாவிருக்கவில்லை. சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 1997-இல் வெளியிட்ட விளம்பர அறநெறி பற்றிய ஏடு, உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் விளம்பரத்தின் உரைகற்களாக வைத்தது. மேலே கண்ட கதையை இவற்றில் உரைத்துப் பார்த்தால், அது மூன்றிலுமே தேறாது. 'இனிமைமிகு பாடல்' நூலின் முதல் அதிகாரத்தில் வரும் பெண்ணோ, திராட்சைத் தோட்டத்து வெயிலில் கறுத்த தன் மேனியை மறைக்காமல், தன்னை அழகியென்றே அறிவிக்கிறாள்.

நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. நம் அளவுகோல் மாறிற்றா? மருமகளைத் தேடும்போது நாம் முதலில் கேட்பது எதை? பச்சிளங் குழந்தையைக் கையில் ஏந்தியதும் நம் வாயில் வரும் சொல் எது? அக்குழந்தை திருமுழுக்குப் பெற்று இறைவனின் பிள்ளையாகும்போது, எவரும் அதன் நிறத்தைக் கேட்பதில்லை. பங்கின் திருமணப் பதிவேட்டில் நிறத்தைக் கேட்கும் கட்டம் இன்னும் இருக்குமானால், அதை நீக்கும்படி பங்குப் பேரவையில் நாமே கோருவோம். நம் பெண்மக்களின் காதுபட நிறத்தைப் பழித்துப் பேசுவதை இன்றே விடுவோம்.