தமிழ்ப் புலப்பெயர்: கோ மொழியும் ஜாக்சனும்

மரக்காணம் உப்பளக் கரையில், கீழ்புத்துப்பட்டுத் தொழிலாளர்களின் கூலியைப் பதிய ஓர் இணையச் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசி அனுப்பும் ஜேசன் தரவில் 'ஊர்', 'மூட்டை', 'தொகை' என மூன்று புலங்கள். ஜேசனுக்கான ஆர்எஃப்சி 8259 தரப்படி புலப்பெயர் ஒரு யூனிகோட் சரம். தமிழில் வைக்கத் தடையில்லை. ஆனால் தொகை 4,500 என்று கிளம்பி, சர்வரில் 0 என்று பதிவாகலாம். காரணம், பெயரைப் பொருத்தும் நூலகத்தில் இருக்கிறது.

கோ மொழியில் வழக்கமாகப் பயன்படும் என்கோடிங்/ஜேசன் தொகுப்பில், ஸ்ட்ரக்ட் புலத்துக்கு அருகே டேக் எழுதிப் பெயரைப் பொருத்துவோம். அந்த டேக்கில் எழுத்து, எண், சில ஆஸ்கி குறிகள் மட்டுமே செல்லும். யூனிகோடில் 'த', 'க' எழுத்துகள். 'ொ', 'ை', புள்ளி ஆகியவை எழுத்தைச் சார்ந்துவரும் குறிகள். அதனால் 'தொகை' என்ற டேக்கையே தள்ளிவிட்டு, ஸ்ட்ரக்டில் உள்ள ஆங்கிலப் பெயரைத் தேடும். பிழைச்செய்தி வராது. ஜாவாவின் ஜாக்சன் நூலகமோ ஜேசன்ப்ராப்பர்ட்டி குறிப்பில் தமிழ்ச் சரத்தை அப்படியே ஏற்கிறது. மூன்று புலங்களும் சேர்ந்துவிடும்.

ஆங்கிலப் பெயர்களில் நிலைமை தலைகீழ். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் கோ பொறுத்துக்கொள்ளும். ஜாக்சன் இயல்பாகப் பொறுக்காது.

தெரியாத புலம் வந்தால் கோ பேசாமல் விட்டுவிடும். ஜாக்சன் 2 தனித்து இயங்கும்போது பிழை எழுப்பும். ஆனால் ஜாவாவின் ஸ்பிரிங் பூட் சட்டகம் அந்தப் பிழையை அணைத்தே வைத்திருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கலும் உண்டு. 'தொ'வில் உள்ள 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம். 'ெ', 'ா' என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், இரு நூலகங்களுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள்.

தமிழ்ப் புலப்பெயருக்கு ஜாக்சனே வசதி. கோ மொழியில் எழுதுவோர் ஜேசனை முதலில் மேப்பில் வாங்கி, பெயர்களை என்எஃப்சி என்ற, 'ொ'வை ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவுக்கு மாற்றி, பிறகு ஸ்ட்ரக்டில் நிரப்பலாம். ஜாக்சனுக்கும் அந்த வடிவ மாற்றம் தேவை. எதில் எழுதினாலும், தெரியாத புலத்தைப் பிழையாக்கும் அமைப்பை இயக்குங்கள்; கோ 1.10 முதல், ஸ்ட்ரக்டில் நேராக வாங்கும்போது அதற்கு வழி உண்டு; மேப்பில் வாங்கினால் தெரியாத பெயரை நீங்களே சோதிக்க வேண்டும். பிழையோடு திரும்பிய கோரிக்கையை மறுபடி அனுப்பலாம். சத்தமில்லாமல் 0 ஆன கூலிக்கு, வெயிலில் உப்பு வாரியவர்தான் அலைய வேண்டியிருக்கும்.