திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூன்று பேர்

சென்னையிலிருந்து விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் போறவங்களுக்குத் திண்டிவனம்னா வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, அப்புறம் பாண்டிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரியற ரோடு. அவ்வளவுதான். எனக்கு அது பக்கத்து ஊர். ஆனா அந்த ஊர்ல நடந்த ஒரு ராத்திரியைப் பத்தி எனக்குத் தெரிய வந்ததே முப்பது வயசுக்கு மேலதான்.

போன மாசம் அங்கே பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டிருந்தேன். எதிர் சுவர் முழுக்க சுகமளிக்கும் கூட்டத்துக்கான போஸ்டர், நடுவுல கோட் சூட் போட்ட ஊழியக்காரர் படம். கூட வந்த நண்பன் கேட்டான்: "ஏன்டா, ஊழியம்னா மைக் புடிக்கிறதுதானா?" அவன் சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான். நான் பஸ் வர்ற வரைக்கும் அவனுக்குச் சொன்ன கதைதான் இந்தப் பதிவு.

ஸ்கடர் குடும்பம்னு ஒரு அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் மருத்துவ மிஷனரியா இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் வேலை செஞ்சுட்டு பின்னாடி சென்னைக்கு வந்தவர். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்னு அந்தக் குடும்பத்தில் பலரும் இதே வேலைக்கு வந்துட்டாங்க. பேத்தி ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால பார்த்தவர். அதனாலயோ என்னவோ, "இந்தியாவும் வேணாம், மிஷனரி வேலையும் வேணாம்"ங்கிற முடிவில்தான் அமெரிக்காவில் படிச்சுக்கிட்டிருந்தார்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்தார். அப்பா இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கே மிஷன் டாக்டர். கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கிட்டுத் திரும்பிப் போயிடணும், இதுதான் பிளான்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி. ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டறார். சின்ன வயசு மனைவி, பிரசவம் சிக்கலாயிடுச்சு. மருத்துவச்சி கைவிட்டுட்டா, நீங்க வரணும்ங்கிறார். ஐடா, "நான் டாக்டர் இல்லைங்க, அப்பாதான் டாக்டர்"ங்கிறார். அவர் ஒத்துக்கலை. வேத்து ஆம்பளை தன் மனைவியைப் பார்க்கக் கூடாதுன்னு திரும்பிப் போயிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே நிலைமை, அதே பதில். மூணாவதா இன்னொரு உயர்சாதி இந்து, அவரும் அப்படியே போயிட்டார். காலையில் சாவு மேளம் கேட்டுது. ஆள் அனுப்பி விசாரிச்சா, மூணு பெண்களுமே செத்துப் போயிருந்தாங்க.

பிற்பாடு ஐடாவே பல தடவை சொன்ன கதை இது. சர்ச் பிரசங்கங்களில் இதைக் கடவுளோட அழைப்புன்னு சொல்லுவாங்க. அது அவங்க நம்பிக்கை. எனக்கு நெருடுறது வேற. நான் படிச்ச எதிலயும் அந்த மூணு பெண்களோட பேர் இல்லை. ஒரு கல்லூரியே உருவாகக் காரணமானவங்க, "ஒரு பிராமணரின் மனைவி, ஒரு முஸ்லிமின் மனைவி, இன்னொருத்தரின் மனைவி"ன்னு மட்டும் நிக்கறாங்க.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கிட்டது. அங்கே படிச்ச மேரி ஷார்லீப் 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சார். திருவல்லிக்கேணியில் இன்னிக்கு கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரின்னு இருக்கே, அதேதான். ஆம்பளை டாக்டரிடம் வராத பெண்களுக்காகவே தொடங்கினது. ஆக, பிரச்சினையும் தெரியும், மருந்தும் தெரியும். ஆனா அந்த மருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருந்த திண்டிவனத்துக்கு வந்து சேரலை.

ஐடா என்ன பண்ணார்? அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் டாக்டருக்குப் படிச்சார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் வேலூருக்கு வந்து, ஒத்தைக் கட்டில் போட்ட ஒரு அறையில் வைத்தியம் ஆரம்பிச்சார். 1902-ல் 40 படுக்கையோட ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களை அங்கே சேர்த்தது 1947-லதான்! இன்னிக்கு நாம சி.எம்.சி.ன்னு சொல்ற இடம் இதுதான். 1960-ல் கொடைக்கானலில் இறந்து போனார்.

நண்பன்கிட்ட நான் சொன்னது இதுதான். அந்த மூணு பேரும் ஜெபம் பண்ணச் சொல்லி வரலை. மதம் மாறவும் வரலை. ஒரு பொம்பளை டாக்டர் வேணும்னு வந்தாங்க. ஐடா கொடுத்த பதிலும் அதுவேதான், ஆனா வந்து சேரப் பத்து வருஷம் ஆச்சு. அவர் ஜெபம் பண்ணாம இல்லை, அந்த ராத்திரி முழுக்க ஜெபத்தோடதான் இருந்தேன்னு அவரே சொல்லியிருக்கார். ஆனா அதோட நிக்கலை. ஊழியம்னா, வாசலுக்கு வந்தவன் என்ன கேட்கிறான்னு முதல்ல காது கொடுக்கறதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். நான் கிறிஸ்தவன் இல்லை, தப்பா இருந்தா திருத்துங்க :-)

எங்க அம்மாவை வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு வழியா பஸ் மாறி மாறி வேலூர் கூட்டிப் போயிருக்கேன். ஊர்ல ஆரம்பிச்ச கதைக்கு வைத்தியம் அங்கே இருக்கேன்னு அப்போ எனக்குத் தெரியாது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2010-லதான். அந்த ராத்திரிக்கும் அதுக்கும் நடுவுல நூறு வருஷத்துக்கு மேல.

எங்க பாட்டியோட அக்கா தலைப்பிரசவத்தில் போயிட்டாங்க, திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான். இந்தக் கதையைப் படிச்ச அன்னிக்கு அப்பாவுக்கு போன் போட்டு, "அவங்க பேர் என்னப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "பெரியம்மான்னுதான்டா சொல்லுவாங்க, பேர் தெரியலையே"ன்னார்.

உங்க வீட்டிலயும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பாங்க. பெரியவங்க இருக்கும்போதே பேரைக் கேட்டு வெச்சுக்கங்க.