‘கட்டணம் இல்லை’ என்றால் காசு எங்கே வெட்டுப்படுகிறது?

லண்டனிலோ டொரன்டோவிலோ இருந்து யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்புபவர் முதலில் பார்ப்பது அனுப்பும் கட்டணத்தைத்தான். பெரிய வெட்டு விழுவதோ மாற்று வீதத்தில். சந்தையில் ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் 388 ரூபா தந்தால், 500 பவுணில் 6,000 ரூபா சத்தமில்லாமல் போய்விடும். சுவிஸ் பிராங்க்கை டொலராக்கி, அதன்பின் ரூபாவாக்கினால் வெட்டு இரண்டு தடவை. அனுப்புமுன் கேட்க வேண்டியது, ஊரில் கைக்கு எத்தனை ரூபா வந்து சேரும் என்பதையே.

உண்டியல் செழித்ததும் இந்தக் கணக்கால்தான். 2021 செப்டெம்பரில் இருந்து 2022 மார்ச் 7 வரை மத்திய வங்கி டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர் கூடக் கொடுத்தார்கள். டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை அறிவித்தும் சனம் வங்கிப் பக்கம் திரும்பவில்லை. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு, 2022இல் 379 கோடியாக விழுந்தது. வீதம் தளர்ந்தபின், 2023இல் 597 கோடிக்கு ஏறியது. உண்டியல் சட்டவிரோதம், காசு வந்து சேராவிட்டால் முறையிட இடமில்லை.

உடனே செலவழிக்கத் தேவையில்லாத காசுக்கு இன்னொரு வழி உண்டு. வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்தால், வந்த பவுணை பவுணாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது தேவையான அளவை மட்டும் மாற்றலாம்.