ஆட்ட வேகம் (தட்டுக் குழிப்பந்தாட்டம்)

ஆட்ட வேகம் என்பது தட்டுக் குழிப்பந்தாட்டத்தில் ஒரு குழுவினர் ஒரு சுற்றை ஆடி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், அச்சுற்றில் ஓர் எறிவுக்கும் அடுத்த எறிவுக்கும் இடையில் கழியும் நேரத்தையும் குறிக்கும். டிஸ்க் கோல்ஃப் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் பந்தும் மட்டையும் கிடையா. நெகிழியால் ஆன வட்டத்தட்டைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்வதே ஆட்டம். தரையில் குழி எதுவும் இல்லாவிடினும், கோல்ஃப் ஆட்டத்தின் வழக்கைப் பின்பற்றி ஒவ்வோர் ஆடுபகுதியும் குழி என்றே வழங்கப்படுகிறது. ஒரு சுற்றில் பொதுவாக 18 குழிகள் இருக்கும்.

இவ்விளையாட்டில் ஆடுவோர் ஒருவர் பின் ஒருவராகவே எறிகின்றனர். ஆகவே ஒருவரின் தாமதம் அவருடைய குழுவையும், பின்னால் வரும் எல்லாக் குழுக்களையும் பாதிக்கிறது. இதனைக் கட்டுப்படுத்த விதிகள் நெடுங்காலமாக உள்ளன. எனினும் அவ்விதிகள் எட்டக்கூடிய தாமதம் ஒரு பகுதியே என்பதும், அப்பகுதியிலும் அவை அரிதாகவே பயன்படுத்தப்படுகின்றன என்பதும் இங்கு கவனிக்கத்தக்கவை.

ஒரு சுற்றின் நேரக் கணக்கு

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் ஒவ்வொருவரும் குழிக்குச் சராசரியாக 3 முறை எறிவதாகக் கொள்வோம். ஒரு குழிக்கு 12 எறிவுகள். 18 குழிகளுக்கு 216 எறிவுகள். ஒவ்வோர் எறிவுக்கும் 30 நொடி ஆகுமெனில் எறிவதற்கு மட்டும் 108 நிமிடம் வேண்டும். நடப்பதற்கும், தட்டைத் தேடுவதற்கும், முன்னால் உள்ள குழுவுக்காகக் காத்திருப்பதற்கும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை. இதே எறிவுகளை 20 நொடியில் முடித்தால் 36 நிமிடம் மிச்சமாகும். ஒரு தனி எறிவில் 10 நொடி என்பது எவர் கண்ணிலும் படாத அளவு. மெதுவாக ஆடும் ஒருவர் தாம் மெதுவாக ஆடுவதை உணராமலிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

30 நொடி விதி

தொழில்முறைத் தட்டுக் குழிப்பந்தாட்டச் சங்கம் 1976 ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் என்பவரால் தொடங்கப்பட்டது. சங்கிலிக் கூடையை உருவாக்கியவரும் இவரே. இச்சங்கம் வெளியிடும் விதிநூலே உலகெங்கும் போட்டிகளில் பின்பற்றப்படுகிறது. அந்நூலின்படி ஆடுபவர் ஒருவர் தமது முறை வந்த பின் 30 நொடிக்குள் எறிந்துவிட வேண்டும்.

இந்த 30 நொடி எப்போது தொடங்குகிறது என்பதே விதியின் நுட்பமான பகுதி. முந்தையவர் எறிந்து முடித்திருக்க வேண்டும். எறிய வேண்டியவர் தமது தட்டு கிடக்கும் இடத்தை அடைந்து, நிற்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளப் போதிய நேரம் பெற்றிருக்க வேண்டும். வரிசையில் அடுத்தவர் அவராகவே இருக்க வேண்டும். ஆடுபகுதியில் ஆட்களோ கவனத்தைக் கலைக்கும் இடையூறோ இருத்தல் கூடாது. இவை நான்கும் நிறைவேறிய பிறகே கணக்குத் தொடங்கும். நடந்து செல்லும் நேரம் இதில் சேராது. காற்று தணியட்டும் என்று நிற்பதற்கெனத் தனி அவகாசம் எதுவும் விதியில் இல்லை. ஆயினும் கூடைக்கு அருகில் ஏற்படும் தாமதங்களில் பல அக்காரணத்தாலேயே நிகழ்கின்றன. மெல்லிய தட்டு எதிர்க்காற்றில் மேலெழுந்து கூடையைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால் ஆடுவோரின் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே.

ஒரு சுற்றில் முதன்முறை இவ்விதியை மீறுபவருக்கு எச்சரிக்கை மட்டும் விடுக்கப்படும். அதே சுற்றில் அதன் பின் நிகழும் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு தண்ட எறிவு அவரது கணக்கில் சேர்க்கப்படும்.

முறை வரும்போது ஆடுபவர் அவ்விடத்தில் இல்லையெனில் அதற்கும் 30 நொடியே காத்திருக்கப்படும். அதற்குள் வந்து சேராதவருக்கு அக்குழியின் இயல்பெண்ணுடன் நான்கு கூட்டப்பட்டு எண்ணிக்கை இடப்படும். இயல்பெண் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அக்குழிக்கு எடுத்துக்கொள்வார் என எதிர்பார்க்கப்படும் எறிவுகளின் எண்ணிக்கை. அது 3 ஆக உள்ள குழியில் வராதவர் 7 பெறுவார்.

விதியைச் செயற்படுத்துவதில் உள்ள சிக்கல்

பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு குழுவுடனும் நடுவர் செல்வதில்லை. குழுவில் உள்ளவர்களே ஒருவரை ஒருவர் கண்காணித்து, மீறலை உடனே அறிவிக்க வேண்டும். ஆடுபவர் ஒருவர் அறிவித்தால் அதனைக் குழுவின் மற்றொருவரோ அலுவலரோ உறுதி செய்தாக வேண்டும். கால் வைக்கும் இடம் தவறுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். நேர மீறலைச் சொல்வதற்கோ, முன்னதாகவே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதாவது உடன் ஆடுபவரை ஐயத்துடன் நோக்கியிருக்க வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரம் அவருடனேயே நடந்து செல்ல வேண்டியவர் இதற்குத் துணிவதில்லை. அவரும் போட்டியாளர் என்பதால், அறிவிப்பவரின் நோக்கமும் ஐயத்துக்கு உள்ளாகிறது. இக்காரணங்களால் 30 நொடி விதி மீறப்படும் அளவுக்கு அறிவிக்கப்படுவதில்லை.

அலுவலர் ஒருவர் அறிவிக்கும்போதும் சிக்கல் நீங்கிவிடுவதில்லை. 2022 ஆம் ஆண்டு பின்லாந்தின் நோக்கியா நகரில் நடைபெற்ற ஐரோப்பிய ஓப்பன் போட்டியில், முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் மீது நேர மீறல் அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்காத அவர் அலுவலரிடம் நடந்துகொண்ட முறைக்காகச் சங்கம் பின்னர் அவரைப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தியது. அரிதாகப் பயன்படும் விதி, பயன்படும் அன்று தனிப்பட்ட பகை போலத் தோன்றுவது இதன் பின்னணி எனக் கருத இடமுண்டு. எல்லோர் மீதும் ஒரே அளவில் செயற்படுத்தப்படாத விதி, செயற்படுத்தப்பட்டவருக்கு அநீதியாகவே தெரியும்.

காணாமற்போன தட்டு

காடு சார்ந்த ஆடுகளங்களில் பெரும் தாமதத்துக்குக் காரணம் தட்டைத் தேடுவதாகும். தட்டு கடைசியாகக் காணப்பட்ட இடத்தை அடைந்ததிலிருந்து தேடுவதற்கு 3 நிமிடம் தரப்படுகிறது. நேரத்தைக் குறிக்கத் தொடங்குபவர் அதனைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழுவினர் அனைவரும் சேர்ந்து தேடுவது கடமை. கிடைக்காவிடில் ஒரு தண்ட எறிவுடன் முந்தைய இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். உண்மையான இழப்பு இந்தத் திரும்பி நடக்கும் நேரத்தில்தான் உள்ளது. தட்டின் நிலை உறுதியாகத் தெரியாதபோது, முன்கூட்டியே தற்காலிக எறிவு ஒன்றை எறிந்துவைக்க விதி இடமளிப்பது இதனைத் தவிர்ப்பதற்காகவே.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைத் தேடுவதற்கான நேரம் 5 நிமிடமாக இருந்து, 2019 ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அத்திருத்தத்தில் ஒரு அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்ற பரிந்துரையும் இடம்பெற்றது. இவ்வகையில் தட்டாட்டத்தின் விதிகளே கடுமையானவை.

பளிச்சென்ற நிறத்தில் தட்டுகளைத் தேர்வதும், இலையுதிர் காலத்தில் சிவப்பு, பழுப்பு நிறங்களைத் தவிர்ப்பதும், பனி படர்ந்த நாடுகளில் தட்டின் அடியில் நாடா ஒட்டிக்கொள்வதும் ஆடுவோரிடையே வழக்கில் உள்ளன.

எறியும் வரிசை

தொடக்க மேடையில், முந்தைய குழியில் குறைந்த எறிவுகளில் முடித்தவர் முதலில் எறிவார். அதன் பின் கூடைக்கு மிகத் தொலைவில் இருப்பவருக்கே முறை. ஆயினும் ஆட்டம் தடையின்றி நடைபெறும் பொருட்டு, அவர் இசைந்தால் மற்றொருவர் முன்னதாக எறியலாம். தொலைவில் இருப்பவர் இன்னும் தட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது இது பெரிதும் பயன்படுகிறது. இசைவின்றி முறை மாறி எறிவது ஒழுங்கு மீறலாகக் கொள்ளப்படும்.

நெரிசல் உருவாகும் விதம்

எல்லோரும் விரைவாக எறிந்தாலும் ஒரு சுற்று நீளக்கூடும். குறுகிய குழி ஒன்றில் முன்னால் உள்ள குழு கூடையை விட்டு அகலும் வரை பின்னுள்ள குழு எறிய முடியாது. பறந்து வரும் தட்டு காயம் ஏற்படுத்தும். எனவே அத்தகைய குழியில் ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டுமே ஆட இயலும். நீண்ட குழியிலோ, முதற்குழு பாதி வழி கடந்ததும் அடுத்த குழு எறியத் தொடங்கலாம். கடினமாகவும் குறுகியதாகவும் உள்ள குழியே நெரிசலுக்கு ஊற்றுக்கண்.

பல போட்டிகளில் ஒலிக்குறி எழுந்ததும் எல்லாக் குழுக்களும் வெவ்வேறு குழிகளில் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்குகின்றன. 18 குழிகளிலும் ஒவ்வொரு குழு நிற்பதாகவும், ஒன்றைத் தவிர ஏனைய குழிகளுக்கு 8 நிமிடமும், அந்த ஒன்றுக்கு மட்டும் 12 நிமிடமும் ஆவதாகவும் கொள்வோம். தனியாக ஆடும் குழு 148 நிமிடத்தில் சுற்றை முடித்துவிடும். ஆனால் 18 குழுக்களும் அந்தக் கடினமான குழியை ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்தாக வேண்டும். அதற்கு மட்டும் 216 நிமிடம் தேவை. அக்குழியைக் கடைசியாக ஆடும் குழுவுக்கு 68 நிமிடம் வெறும் காத்திருப்பில் கழிகிறது. இதில் எவரும் 30 நொடி விதியை மீறவில்லை.

இதனால், நெடுநேரம் ஆடிய குழுவை மெதுவான குழு எனக் கூறிவிட முடியாது. ஒரு குழு மெதுவானதா என்பதை அறிய, அதற்கும் அதன் முன்னால் செல்லும் குழுவுக்கும் இடையே வெற்றுக் குழிகள் உள்ளனவா என்று பார்ப்பதே சரியான முறை. முன்னால் வெற்றிடமும் பின்னால் கூட்டமும் இருப்பின் காரணம் அக்குழுவே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தொடக்க மேடையை 10 மீட்டர் முன்னால் நகர்த்துவதோ, புதரை வெட்டித் தட்டுகள் தொலையாமல் செய்வதோ, எச்சரிக்கைகளைவிட மிகுந்த பயன் தரும்.

பொதுப் பூங்காக்களில்

அமெரிக்காவின் முதல் நிலையான ஆடுகளம் 1975 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் அமைக்கப்பட்டது. அன்று முதல் ஆடுகளங்கள் பெரும்பாலும் பொதுப் பூங்காக்களிலேயே அமைந்துள்ளன. அவற்றுள் பலவற்றில் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் நேரம் ஒதுக்கித் தருபவரும், குழுக்களை விரைவுபடுத்தும் கண்காணிப்பாளரும் இல்லை. 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் திறந்தவெளி ஆட்டங்களை நாடியோர் பெருகியபோது பல களங்களில் கூட்டம் மிகுந்தது.

இத்தகைய இடங்களில் எழுதப்படாத வழக்கங்களே ஆட்ட வேகத்தைக் காக்கின்றன. அவற்றுள் முதன்மையானது, பெரிய குழு தன்னை நெருங்கிவிட்ட சிறிய குழுவுக்கு வழிவிடுதல். முன்னால் குழி வெறுமையாக இருக்கும்போது மட்டுமே இதனால் பயன் உண்டு. நெரிசல் மிகுந்த நாளில் வழிவிடுவது காத்திருக்கும் இடத்தை மாற்றுமேயன்றிக் காத்திருப்பைக் குறைக்காது. புதிதாக ஆட வருவோர் விரைவாக எறிய இயலாதவர்கள். அவர்களை அவசரப்படுத்துவதைவிட, ஒவ்வோர் எறிவுக்கும் முன் அடுத்த தட்டைத் தேர்ந்து வைத்துக்கொள்ளவும், எண்ணிக்கையைக் கூடையருகே நின்று எழுதாமல் அடுத்த மேடைக்குச் சென்று எழுதவும் பழக்குவது எளிது. பின்னால் வரும் குழு எறிய வேண்டுமெனில் கூடையருகே எவரும் நிற்கக் கூடாது.