பொட்டு, தாலி, நான்கு கிராம் தங்கம்

எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருடத்தில் மூவலூர் இராமாமிர்தம் என்ற பெயர் எங்கள் வகுப்பறைக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. தமிழ் நாவல் என்றொரு தாள் இருந்தது. பிரதாப முதலியாரில் ஆரம்பித்து வரிசையாகப் போகும். 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ அந்த வரிசையில் இல்லை. அந்தப் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது 2013இல், அக்கா கல்யாணத்துக்காக வாங்கிவந்த விண்ணப்பப் படிவத்தில்தான். பட்டப்படிப்பு முடித்த பெண்ணுக்கு ஐம்பதாயிரம் ரூபாய், தாலிக்கு நான்கு கிராம் தங்கம். “யாருடா இந்த அம்மையார்?” என்று அக்கா கேட்டாள். காங்கிரஸ்காரராக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அது கால்வாசி சரி என்பது பின்னால் தெரிந்தது.

1883இல் பிறந்து தாசி வீட்டில் வளர்ந்தவர். பொட்டுக்கட்டு வாழ்க்கையிலிருந்து விலகி, தனக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையோடு வாழ்ந்தவர். காங்கிரஸில் கதர் விற்று, பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது, அவரும் நடந்தார். அதே போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1949இல் தி.மு.க. பிறந்தபோது பெரியாரை விட்டு அண்ணாவின் பக்கம் போனார். 1962இல் இறந்தார். பா. ஜீவசுந்தரி அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆனாலும் வெகுமக்கள் நினைவில் இராமாமிர்தம் என்பது ஒரு திட்டத்தின் பெயர் மட்டும்தான். 1989இல் எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்களுக்கு ஐயாயிரம் ரூபாய் என்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2011இல் தங்கமும் சேர்ந்தது.

இதைச் சுலபமான முரண்நகையாக எழுதிவிட்டுப் போகலாம். தாலியை அடிமைச் சின்னம் என்று சொன்ன இயக்கத்துக்காரியின் பெயரில் தாலிக்குத் தங்கம். நானும் ஒரு காலத்தில் அப்படி நையாண்டி செய்ததுண்டு. ஆனால் பொட்டுக்கட்டுதல் என்பதே ஒரு தாலி கட்டும் சடங்கு. கடவுளின் பெயரால் கட்டப்படும் தாலி, கணவன் என்கிற மனிதனை ஒரு பெண்ணுக்கு நிரந்தரமாக இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதை அறுத்துவிட்டு ஒரு மனிதனோடு வாழ்வதுதான் இராமாமிர்தத்துக்கு விடுதலையாக இருந்தது. குடும்பம் என்ற நிறுவனத்தை வெளியே நின்று விமர்சிக்கிற சொகுசு நமக்கு உண்டு. அந்த வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டவருக்கு உள்ளே நுழைவதே கலகம். ஆகவே திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தவர்கள் முழுக்கத் தப்பு செய்யவில்லை. அவருடைய அரசியலில் தங்களுக்குத் தோதான பாதியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாவலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். மோசவலை யாருடையது? தாசிகளுடையது. மதி பெறுகிறவன் யார்? மைனர். தாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட ஒருவர் எழுதிய பிரதியின் முகப்பிலேயே தாசி வலையாகவும், அவளிடம் போகிறவன் சிக்கிய மீனாகவும் நிற்கிறார்கள். உள்ளே தாசிகளே திருந்துகிறார்கள், சங்கம் கூட்டிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. இருந்தும் அன்றைய சீர்திருத்தச் சொல்லாடலுக்குள் நுழைந்து பேச ஒரு தாசிப் பெண் கொடுக்கவேண்டியிருந்த நுழைவுக் கட்டணம் அந்தத் தலைப்பில் தெரிகிறது. தன் குலத்தைத் தானே குற்றக் கூண்டில் ஏற்றியாக வேண்டும்.

அந்தக் கட்டணத்தைக் கட்டமாட்டேன் என்று சொன்ன ஒருத்தி இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர், இராமாமிர்தத்துக்கு ஐந்து வயது மூத்தவர். இசையுலகம் அவரைத் தியாகராஜரின் பக்தையாக மட்டும் வைத்திருக்கிறது. சொத்தையெல்லாம் விற்றுத் திருவையாற்றில் சமாதிக் கோயில் கட்டினார், அங்கே பெண்கள் பாடக்கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்துப் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தார், அந்தச் சமாதியைப் பார்த்தபடியே தன் சமாதியும் அமையும்படி 1952இல் கண்மூடினார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இதே அம்மாள் 1910இல் வேறொரு காரியம் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’ காவியத்தைத் தேடியெடுத்து, விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தார். ராதையின் காமத்தை ஒளிவுமறைவின்றிப் பேசும் பிரதி அது. சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் முத்துப்பழனியை ஏற்கெனவே ஒழுக்கங்கெட்டவள் என்று தள்ளிவைத்திருந்தார். கூச்சம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் கவிகள் இதைவிடப் பச்சையாக எழுதவில்லையா என்பது நாகரத்தினம்மாளின் கேள்வி. 1911இல் ஆங்கில அரசு புத்தகத்தைத் தடை செய்தது.

1927க்குப் பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முயன்றபோது, சென்னையில் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். நாகரத்தினம்மாள் அந்தப் பக்கம் நின்றார். (முத்துலட்சுமியும் ஒரு தேவதாசியின் பேத்தி, மகள் என்ற வரிசையில் வந்தவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மூன்று பேரும் ஒரே வீட்டின் வெவ்வேறு வாசல்கள் வழியாக வெளியே வந்தவர்கள்.) இந்த விவாதத்திலிருந்து நம் மேடைகளில் மிஞ்சியிருப்பது சத்தியமூர்த்தி வாயடைத்துப்போன அந்த ஒரு கதைதான். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கைதட்டலும் விழும். மனு கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பக்கம் ஒரு சிறு கூட்டத்தில் இராமாமிர்தத்தைப் பற்றிப் பேசினேன். மனு கொடுத்த தாசிகளைப் பார்ப்பனியத்தின் ஏவலாட்கள் என்று ஒரே வரியில் முடித்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். “எங்க பாட்டிக்குக் கல்யாணம் ஆகல தம்பி. ஆனா வீடு அவுங்க பேருலதான் இருந்துச்சு. அம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சு. வீடு அப்பா பேருக்குப் போயிருச்சு” என்றார். சண்டைக்கு வந்தவர் போல இல்லை. ஏதோ விலைவாசி சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு பேருந்தில் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து இந்துச் சட்டத்தில் பெண் தன் பெயரில் சொத்து வைத்து, மகளைத் தத்தெடுத்து, மகளுக்கே எழுதிவைப்பது நீதிமன்றம் வரை ஏற்கப்பட்ட வழக்கமாக இருந்த வெகுசில இடங்களில் தாசி வீடும் ஒன்று. அது சுதந்திரம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சொத்துக்குப் பின்னால் பருவமெய்தாத பெண்ணின் உடலை விலைபேசிய மிராசுதார் இருக்கிறான். இராமாமிர்தம் அதைத் தன் தோலில் அறிந்தவர், நாம் படித்து அறிந்தவர்கள். ஆனால் ஒழிப்பு என்ற சொல்லுக்குள் எதெல்லாம் சேர்ந்து ஒழிந்தது என்ற கணக்கை நம் இயக்க வரலாறுகள் போடவில்லை. 1929இல் வந்த திருத்தம் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து மானிய நிலத்தை அந்தப் பெண்களுக்கே விட்டது என்பது காகிதத்தில் இருக்கிறது. குலம் இசை வேளாளர் ஆனபோது நாதஸ்வரமும் நட்டுவாங்கமும் ஆண்களின் கௌரவமான தொழிலாகத் தொடர்ந்தன. பெண்களின் தொழில்தான் அவமானமாகி மறைந்தது. 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறிய பிறகு அதே ஆட்டம் வேறு வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமாயிற்று. பாலசரஸ்வதி போன்ற ஒருவர் கடைசிவரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றது விதிவிலக்கு.

1947 ஒரு வினோதமான ஆண்டு. பொட்டுக்கட்டும் தடைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது அந்த ஆண்டில். ‘ராதிகா சாந்தவனம்’ மீதான தடை நீங்கியதும் அதே ஆண்டில். தாசியின் பிரதியைத் திறந்துவிட்ட அரசு, தாசியைச் சட்டப்படி மூடியது. ஒன்று இலக்கியமாகிவிட்டது, இன்னொன்று குற்றமாகிவிட்டது.

இராமாமிர்தத்துக்கும் நாகரத்தினம்மாளுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும்படி யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் நான் இராமாமிர்தம் பக்கம்தான். பொட்டு அறுக்கப்படவேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்றவள் முட்டாளோ கைக்கூலியோ இல்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஒருத்தியை நலத்திட்டமாகவும் இன்னொருத்தியை பக்தையாகவும் சுருக்கியதில் அரசுக்கும் சபாவுக்கும் உள்ள பங்கு போலவே நம்முடைய மேடைகளுக்கும் பங்கு உண்டு.

2022இல் திட்டம் மாறிவிட்டது. தாலியும் தங்கமும் போய், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம் என்று சொன்னாலும், புழக்கத்தில் அது ‘புதுமைப் பெண்’தான். என் அக்கா மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். இன்னும் நாலைந்து வருடத்தில் அந்தப் படிவம் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரும். இந்தத் தடவை அக்கா கேட்டால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.